கட்டைவிரல் கவையில் ஒரு பள்ளத்தாக்கு

வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு ஒட்டி நெருக்குங்கள். இரண்டு விரலும் பிரியும் கவைக்கு மேலே புறங்கைத் தசை ஒரு சின்னக் கொழுக்கட்டை போலப் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பின் உச்சியில் இடது கட்டைவிரல் நுனியை வைத்துவிட்டு வலது கையைத் தளரவிடுங்கள். இப்போது சுட்டுவிரல் பக்கத்து எலும்பை நோக்கி அழுத்தினால், ஓரிடத்தில் மட்டும், சுற்றுப்புறத்தில் இல்லாத ஒரு வலி தெரியும். குத்தல் இருக்காது. கனமாக, மந்தமாக, மணிக்கட்டுப் பக்கம் நகரும். அதுதான் ஹெகு. சீன மருத்துவத்தில் மிக அதிகமாக ஊசி கண்ட இடங்களில் ஒன்று.

பெயருக்குக் 'கூடும் பள்ளத்தாக்கு' என்று பொருள். கட்டைவிரல் எலும்பும் சுட்டுவிரல் எலும்பும் இரண்டு மலைத்தொடர்கள். அவை சேரும் பள்ளத்தில் இந்தப் புள்ளி. விரல்களை விரித்துப் பிடித்தால் கவை வாய் பிளந்த மிருகம்போல் தெரிவதால் 'புலிவாய்' என்றும் பெயர் உண்டு. நம்மூர் அக்குபஞ்சர் நிலையங்களில் யாரும் ஹெகு என்று சொல்வதில்லை, 'எல்.ஐ.4' என்பார்கள்: பெருங்குடல் சக்தி நாளத்தின் நான்காம் புள்ளி. 2008இல் உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுத்து வெளியிட்டபோது, சுட்டுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், கட்டைவிரலைப் பார்த்த புறத்தில் இதை நிறுத்தியது. தோலுக்கு அடியில் சுட்டுவிரலை விலக்கும் தசை. அதற்கும் அடியில் கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசை. மேலே ஒரு நரம்பின் மெல்லிய கிளைகள் ஓடுகின்றன. நாடி பார்க்கிறோமே, அந்தத் தமனி மணிக்கட்டைச் சுற்றி வந்து, இந்தத் தசையைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளங்கைக்குள் இறங்குகிறது.

இந்தச் சின்னக் கவையின்மேல் ஏற்றப்பட்டிருக்கும் பாரம் பெரிது. தலைவலி, பல்வலி, ஜலதோஷம், காய்ச்சல், முகவாதம், மலச்சிக்கல், பிரசவ வலி என்று எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள். இவற்றில் எது நிற்கும், எது நிற்காது? எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் நிறுத்துப் பார்க்க முடியாது. நான் பல்வலியைப் பிடித்துக்கொண்டு போகிறேன், இந்தப் புள்ளியின் வரலாறே பல்லில்தான் தொடங்குகிறது என்பதால்.

1973இல் சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய் மேட்டில் மூன்றாம் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடம்பில் ஓடும் பதினோரு நாளங்களை அவை விவரிக்கின்றன. பின்னாளைய நூல்கள் சொல்லும் பன்னிரண்டில் ஒன்று குறைகிறது. புள்ளிகளும் இல்லை, ஊசியும் இல்லை. மாசிப்பச்சை இனத்துச் செடியின் உலர்ந்த இலையை எரித்துச் சூடு காட்டுவதுதான் சிகிச்சை. இந்த நூல்களில் ஒன்று, கட்டைவிரலும் சுட்டுவிரலும் இருக்கும் பக்கத்தில் கிளம்பி, கையோரமாக ஏறி, கன்னத்தைத் துளைத்துப் பல்லுக்குள் புகும் நாளம் ஒன்றைச் சொல்கிறது. அதற்கு அங்கே பெருங்குடல் நாளம் என்று பெயரில்லை. 'பல் நாளம்' என்றே பெயர்.

எனக்கு இது சாதாரணத் தகவலாகப் படவில்லை. குடல் என்ற பேச்சு வருவதற்கு முன்பே, புள்ளி என்ற கருத்து பிறப்பதற்கு முன்பே, கையும் பல்லும் ஒரு கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. யாரோ எப்போதோ கையில் எதையோ செய்து பல்வலி தணிவதைக் கண்டிருக்கிறார்கள். தத்துவம் பிறகு வந்து சேர்ந்தது. 'மஞ்சள் பேரரசரின் உள் நூல்' என்று பேர்பெற்ற தொகுப்பில்தான் இந்த நாளம் பெருங்குடலோடு இணைகிறது; ஹெகு அதன் 'மூலப் புள்ளி' ஆகிறது. அங்கேயும் இந்த நாளம் கெட்டால் வரும் நோய்களின் வரிசையில் முதலில் நிற்பது பல்வலிதான். நாளம் கீழ்ப்பல் வரிசைக்குள் போய்த் திரும்பி, மேலுதட்டுக்கு மேலே இடதும் வலதுமாக மாறி, எதிர்ப்பக்க மூக்கோரத்தில் முடிகிறது. இடப்பக்கப் பல் வலித்தால் வலக்கையில் குத்தும் பழக்கம் இந்த மாறலிலிருந்து வந்தது. மேல்வரிசைப் பல்லுக்கு ஹெகு போதாது, பாதத்தில் உள்ள வயிற்று நாளப் புள்ளியைப் பிடி என்று சொல்லும் மரபும் உண்டு.

பிற்காலத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வைத்த நான்கு தலைமைப் புள்ளிகளின் பாட்டில் முகமும் வாயும் ஹெகுவின் பொறுப்பாயின. வயிறு, முதுகு, தலையும் பிடரியும் ஆகியவற்றுக்கு வேறு மூன்று புள்ளிகள். 1601இல் வெளிவந்த 'ஜென்ஜியூ தாசெங்' என்ற பெருந்தொகுப்பு இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தது. அதற்கு வெகு முன்பே, 1020களில், வாங் வெய்யீ என்ற மருத்துவர் ஆளுயரத்தில் இரண்டு வெண்கல மனிதர்களை வார்க்கச் செய்திருந்தார். புள்ளி தோறும் துளை. மேலே மெழுகு பூசி உள்ளே திரவம் நிரப்பி மாணவனை ஊசி குத்தச் சொல்வார்கள். இடம் சரியானால் நீர் கசியும், தவறினால் ஊசி இறங்காது. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி என்பது ஒரு துளை, அதைத் தவறவிட்டால் ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கை அந்த வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வந்தது அந்த நம்பிக்கைதான்.

ஹெகுவைச் சுற்றி ஓர் அச்சமும் உண்டு: கர்ப்பிணிகளுக்கு இங்கே குத்தக் கூடாது. இன்றும் அக்குபஞ்சர் பாடப்புத்தகங்களில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. இதன் வேர் ஐந்தாம் நூற்றாண்டுக் கதை ஒன்றில் இருக்கிறது. தென் சீனத்தை ஆண்ட லியூ சொங் வம்சத்தின் இளம் பேரரசன், கொடுமைக்குப் பேர்போனவன், நந்தவன வாசலில் ஒரு கர்ப்பிணியைக் கண்டான். தானே நாடி பார்த்துப் பெண் குழந்தை என்றான். கூட இருந்த மருத்துவர் சூ வென்போ, ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள் என்றார். வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிடுவோம் என்று பேரரசன் கிளம்ப, மருத்துவர் பதறிப்போய், ஊசியாலேயே வெளிக்கொணர்கிறேன் என்று கேட்டுக்கொண்டாராம். ஊசி பட்டதும் இரண்டு சிசுவும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, அவர் சொன்னபடியே.

பழைய வரலாற்று நூல் இதைச் சொல்லும்போது கால் நாளம் ஒன்றையும் கை நாளம் ஒன்றையும்தான் குறிப்பிடுகிறது. புள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. கணுக்காலுக்கு மேலுள்ள சன்யின்ஜியாவ், கையிலுள்ள ஹெகு என்று பொருள் கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒரு கொடுங்கோலனின் வாசலில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரே ஒரு சம்பவம் இப்படித்தான் பல நூற்றாண்டுகளாக மருத்துவ விதியாக நிற்கிறது. விதி உண்மையானால் பிரசவத்தைத் தூண்ட ஹெகு கைகொடுக்க வேண்டுமே? அதையும் சோதித்தார்கள். 2017இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, பிரசவத்தைத் தூண்ட அக்குபஞ்சரும் அக்குபிரஷரும் உதவுமா என்று 22 ஆய்வுகளைப் பார்த்தது. பங்கேற்றவர்கள் 3,456 பெண்கள். சிசேரியன் எண்ணிக்கை தெளிவாகக் குறையவில்லை; கருப்பை வாய் கொஞ்சம் பக்குவப்படலாம் என்ற அளவுக்கு மட்டும் அறிகுறி இருந்தது. ஊசி பட்டதும் குழந்தை விழும் என்பதற்கு இது வெகு தூரம். ஆனாலும் கர்ப்பிணிக்கு இந்த இடத்தில் ஊசி வேண்டாம் என்று ஒரு மருத்துவர் ஒதுங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். நன்மை உறுதியில்லாத இடத்தில் அச்சம் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கவை சீனாவுக்கு மட்டும் உரியதல்ல. சுசுருத சம்ஹிதை எண்ணிச் சொல்லும் 107 மர்மங்களில் க்ஷிப்ரம் ஒன்று. கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, ஆக நான்கு க்ஷிப்ரங்கள். அங்கே அடிபட்டால் இசிவு கண்டு உயிர் போகும் என்கிறது நூல். சீனத்தில் ஹெகுவையும், பாதத்தில் அதே கவையிலுள்ள தாய்ச்சொங் என்ற புள்ளியையும் சேர்த்து 'நான்கு வாசல்கள்' என்பார்கள். இடங்கள் ஏறத்தாழ ஒன்றே. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் இந்தக் கவையைக் கவுளி வர்மம் என்று தனித்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாமர மக்களிடையே நெடுங்காலம் ஒரு பயம் இருந்தது: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வெட்டுப்பட்டால் தாடை கிட்டிப்போகும், அதாவது டெட்டனஸ் வரும் என்று. சீன நூல்களிலோ தாடை கிட்டுவது ஹெகு தீர்க்கும் நோய்களில் ஒன்று.

மூன்று நாகரிகங்கள் ஒரே கவையை இசிவோடும் தாடையோடும் முடிச்சுப் போட்டன என்று பார்க்கும்போது மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியதா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொரு காரணமும் இருக்க முடியும். மண்வெட்டியும் அரிவாளும் பிடிக்கிறவன் கையில் கீறலும் கிழிசலும் அடிக்கடி விழும் இடம் இது. மண் பட்ட காயத்தில் டெட்டனஸ் கிருமி நுழையும். காயத்தையும் இசிவையும் கண்ணால் கண்ட மக்கள், குற்றத்தைக் கிருமியின்மேல் சுமத்த வழி தெரியாமல் இடத்தின்மேல் சுமத்தியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் பல தேசத்து மரபுகள் ஒரே இடத்தைச் சொல்வதால் மட்டும் அந்த இடத்துக்குத் தனிச் சக்தி உண்டென்று முடிவுகட்டிவிட முடியாது என்பதற்கு இந்த ஊகமே போதும்.

இனி இருபதாம் நூற்றாண்டு. 1822இல் அரசவை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி மருத்துவத்தை விலக்க உத்தரவிட்ட அதே சீனத்தில், 1949க்குப் பிறகு அரசே அதைத் தூக்கி நிறுத்தியது. 1958இல் ஷாங்காய் முதலாம் மக்கள் மருத்துவமனையில், ஹெகுவில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு டான்சில் அறுவை செய்தார்கள். தொண்டை வலிக்கு அந்த ஊசி கேட்கிறதே, அறுக்கும்போதே குத்தினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்த முயற்சி. ஊசி மயக்கம் என்ற பெரும் பரபரப்பு அங்கேதான் தொடங்கியது.

வெளியுலகுக்கு அதைக் கொண்டுபோனவர் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பீக்கிங்கில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி மயக்கத்தில்தான் அறுத்தார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், தமிழிலும். அவர் எழுதியது வேறு. அறுவை நடந்தது வழக்கமான மரப்பு ஊசி மருந்தில். மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனை வந்தபோதுதான் வலது முழங்கையின் வெளிப்புறத்திலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். ஒரு தப்பை ஐம்பது ஆண்டாகத் திருப்பித் திருப்பி எழுதுவது இந்தத் துறைக்கு நல்லது செய்யவில்லை. ஊசி மயக்கக் காட்சிகளில் பலவற்றில் நோயாளிகளைப் பொறுக்கியெடுத்தார்கள், கூடவே தணிப்பு மருந்தும் மரப்பு மருந்தும் கொடுத்தார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது.

அந்த ஆரவாரத்தின் நடுவே பொறுமையாக உட்கார்ந்து அளந்தவர் பீக்கிங் மருத்துவக் கல்லூரியின் ஹான் ஜிஷெங். 1965இல் தொடங்கிய வேலை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் தோலில் மெல்லிய மின்னோட்டத்தால் வலியுண்டாக்கி, எந்த அளவில் வலி தெரிகிறது என்று குறித்தார்கள். ஹெகுவில் ஊசியைத் திருகத் திருக, வலி தெரியும் வரம்பு அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஊசியை எடுத்தபின் அந்த உயர்வு 16 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்தது. ஹெகுவின் ஆழத்தில் மரப்பு மருந்தைச் செலுத்திவிட்டால் விளைவே இல்லை. ஆக, செய்தி நரம்பு வழியே போகிறது. உடம்புக்குள் ஏதோ ஒரு பொருள் சுரந்து பிறகு வடிகிறது. ஹானின் அளவீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வரம்பு உயர்ந்தது முகத்தில் மட்டுமல்ல. மார்பில், முதுகில், வயிற்றில், காலில் என்று அளந்த இடங்களிலெல்லாம் உயர்ந்தது. முகமும் வாயும் ஹெகுவின் பொறுப்பு என்ற பழைய பாட்டுக்கு அந்தக் கருவி சாட்சி சொல்லவில்லை.

அந்தச் சுரப்பு எது என்ற கேள்வி மீண்டும் பல்லுக்கே வந்தது. 1977இல் அமெரிக்காவில் மேயர், பிரைஸ், ராஃபி மூவரும் பல்லில் மின்னோட்டம் பாய்ச்சி வலி தந்து, ஹெகுவில் ஊசி குத்தினார்கள். வலி வரம்பு 27 சதவீதம் உயர்ந்தது. பிறகு நலோக்சோன் கொடுத்தார்கள். ஹெராயின் அளவு மீறியவர்களைப் பிழைக்க வைக்கும் அதே மாற்று மருந்து. உயர்ந்த வரம்பு இறங்கியது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள்தான் வேலை செய்கின்றன என்று உலகமே பேசியது. 1983இல் சாப்மன் குழு இதே கேள்வியைக் கேட்டபோது நலோக்சோனால் இறக்கம் ஏதும் இல்லை. இரண்டில் முதல் முடிவு மட்டுமே துண்டுப்பிரசுரங்களில் ஏறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தைக்கு இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் தெறித்தது. பல் டாக்டர் இல்லாத நாள். தெருவிலேயே இருந்த அக்குபஞ்சர்காரரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வலக்கையைக் கேட்டார். முடிபோன்ற ஊசி, சின்னக் குழாய்க்குள் வைத்து ஒரு தட்டு. அத்தை இமைகூடக் கொட்டவில்லை. பிறகு ஊசியை விரல்நுனிகளால் உருட்டினார்.

"கனமா இருக்காம்மா? இழுக்குதா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தம்பி. முழங்கை வரைக்கும் ஏறுது."

"அதுதாம்மா வேணும். அப்படியே கண்ண மூடிக்குங்க."

சீன மருத்துவம் இந்த உணர்வைத் 'தே ச்சி' என்கிறது: உயிர்ச்சக்தி வந்து சேர்ந்தது என்று பொருள். கனம், இழுப்பு, ஊறல், மரமரப்பு. மீன் தூண்டிலைக் கடித்த மாதிரி ஊசியில் ஓர் இழுவை. 2000இல் ஹார்வர்டைச் சேர்ந்த கேத்லீன் ஹுய் குழு, ஹெகுவில் ஊசி உருட்டப்படும்போது மூளையை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்தது. 13 பேர். இந்த உணர்வு வந்த 11 பேருக்கு, அச்சத்தையும் உணர்ச்சியையும் கையாளும் உட்பகுதிகளில் சமிக்ஞை தாழ்ந்தது. கூர்மையாக வலித்த இருவருக்கு அங்கேயே உயர்ந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அத்தையின் முகம் இருபது நிமிடத்தில் இளகியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் அந்தப் படங்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கன்னத்தில் இருந்த கையை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்தார்.

ஊசியால் ஏதோ நடக்கிறது. சரி. ஹெகுவில் குத்தியதால் நடந்ததா?

1998இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஸ்ட்ரைட்பெர்கரும் கிளைன்ஹென்ஸும் ஒரு போலி ஊசியை உண்டாக்கினார்கள். நாடகக் கத்திபோல, நுனி மழுங்கிய ஊசி. அழுத்தினால் பிடிக்குள் போய்விடும். தோலைத் துளைக்காது, துளைத்தமாதிரி தெரியும். 60 பேருக்கு உண்மை ஊசியையும் போலியையும் குத்திப் பார்த்தார்கள், ஹெகுவில்தான். உண்மை ஊசி துளைத்ததை 54 பேர் உணர்ந்தார்கள். துளைக்காத ஊசி துளைத்ததாக உணர்ந்தவர்கள் 47 பேர். தே ச்சி போன்ற மந்த உணர்வு உண்மை ஊசியில் 34 பேருக்கு, போலியில் 13 பேருக்கு. இந்த எண்களை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். உடம்பு பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பும் தொடுதலும் சேர்ந்தால் தோல் அப்படித்தான் கேட்கிறது. அதே நேரம் 34க்கும் 13க்கும் உள்ள இடைவெளியைத் துடைத்துப் போடவும் முடியாது.

போலி சிகிச்சையோடு ஒப்பிடும் முறையில் பல்வலியிலும் பெரிய கேள்விகளைக் கேட்டார்கள். மேரிலாந்தில் லாவ் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப்பல் பிடுங்கிய 39 பேரில் ஹெகுவும் தாடைப் புள்ளிகளும் பெற்றவர்களுக்கு வலியில்லாத நேரம் சராசரி 172.9 நிமிடம்; போலி சிகிச்சை பெற்றவர்களுக்கு 93.8 நிமிடம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் 2005இல் லாவும் சேர்ந்திருந்த பாசெல் குழு, இரண்டு பல்வலி ஆய்வுகளின் தரவை வேறு கோணத்தில் பிரித்துப் பார்த்தது. உண்மை ஊசியா போலியா என்பதால் வலியில் கணிசமான வித்தியாசம் தெரியவில்லை. 'எனக்கு உண்மை ஊசிதான்' என்று நம்பியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. வலி குறைந்ததால் அப்படி நம்பினார்களா, நம்பியதால் குறைந்ததா என்று திருப்பியும் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. தங்கள் கை ஆய்வையே இப்படிச் சந்தேகித்துப் பார்த்த அந்தக் குழுவின் நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

தலைவலியிலும் இதே கதை, இன்னும் பெரிய எண்ணிக்கையில். 2005இல் ஜெர்மனியில் லிண்ட குழு ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 302 பேரை ஆராய்ந்தது. மரபுப் புள்ளிகளில் குத்தப்பட்டவர்களில் 51 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாயின. புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 53 சதவீதம். சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களில் 15 சதவீதம்தான். 2016இல் 22 ஆய்வுகளை அலசிய காக்ரேன் மீளாய்வு போலி ஊசியைவிட உண்மை ஊசிக்குச் சிறிய முன்னிலை தந்தது: நூறு பேரில் 50 பேர், போலியில் 41 பேர். நாள்பட்ட வலிகளுக்காக 20,827 நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்த்த விக்கர்ஸ் குழுவும் 2018இல் ஏறத்தாழ அதையே சொன்னது. ஊசியே இல்லாததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவு. போலி ஊசியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

இத்தனையும் படித்தபின் என் முடிவு இது. ஹெகுவில் ஊசி குத்தினால் வலி தணிகிறது, பலருக்கு, சில மணி நேரம். அந்தத் தணிவில் பெரும்பங்கு ஹெகு என்ற இடத்துக்குச் சொந்தமில்லை. வெண்கல மனிதனின் துளைபோல, தவறினால் ஒன்றுமே நடக்காத ஓர் இடம் உயிருள்ள கையில் இல்லை. பக்கத்தில் குத்தினாலும் பெரும்பாலும் அதேதான் நடக்கிறது.

பிறகு ஏன் இரண்டாயிரம் ஆண்டாகப் பல்லுக்கு இந்தக் கவை? மூளையின் வரைபடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1937இல் பென்ஃபீல்டும் போல்ட்ரியும் மூளைப் புறணியைத் தொட்டுத் தொட்டு வரைந்த படத்தில் கட்டைவிரலுக்கு அண்டைவீடு முகம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் கட்டைவிரலில் தொடுவதுபோல் அவர் உணர்ந்ததைக் கண்டார். கையும் முகமும் மூளைக்குள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன என்பது உண்மை. இதை வைத்து ஹெகு நிரூபணமாகிவிட்டது என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக அந்த வரைபடம் வழிவிடவில்லை. ஹானின் கருவி காலிலும் வலி குறைந்ததைத்தானே காட்டியது?

எனக்கு அதிக நம்பிக்கை தரும் விளக்கம் இன்னும் எளியது. 1979இல் பிரான்சில் லெ பார் குழு எலிகளில் கண்டது: உடம்பில் ஓரிடத்தில் வலியுண்டாக்கினால் வேறிடத்து வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது. வலி வலியை அமுக்கும். அடுத்த ஆண்டு மான்ட்ரியாலில், வலிக் கதவுக் கோட்பாட்டைத் தந்த இருவரில் ஒருவரான ரொனால்ட் மெல்சாக், பல்வலியோடு வந்தவர்களின் கட்டைவிரல் கவையில் ஊசி குத்தவில்லை, பனிக்கட்டியால் தேய்த்தார். பெரும்பாலோருக்கு வலி பாதிக்குமேல் குறைந்தது. பனிக்கட்டி இல்லாமல் வெறுமனே தேய்க்கப்பட்டவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. எலும்புக்கும் தோலுக்கும் இடையில் கொழுப்பு குறைவான, நரம்பு நிறைந்த, சட்டையைக் கழற்றாமலே நீட்டக்கூடிய ஓர் இடம். கன்னத்தைத் தொட விடாத நோயாளியும் கையை நீட்டுவார். பழைய சீனத்து வைத்தியர் இந்தக் கவையைத் தேர்ந்ததற்கு இவ்வளவு காரணம் போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக்கு இந்த ஊசி வந்த வழியும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1938இல் சீனப் போர்முனைக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு இருந்த பி.கே.பாசு, 1950களின் கடைசியில் மீண்டும் சீனம் சென்று கற்றுக் கல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் கொழும்பின் களுபோவில மருத்துவமனையில் அன்டன் ஜெயசூரிய இதைப் பரப்பினார். தமிழ்நாட்டில் இன்று ஊசியையும் விட்டுவிட்டு ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதையே சிகிச்சையாகச் செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். துளைக்காத ஊசியும் வேலை செய்கிறது என்ற ஆய்வுகளை அவர்கள் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்த ஆய்வுகள் சொன்னது புள்ளியின் பெருமையை அல்ல. தொடுதலும் கவனமும் வலியைத் தணிக்கும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதை நம்பிச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்துவதும், சீழ் வைத்த பல்லோடு வாரக்கணக்கில் கவையை அழுத்திக்கொண்டு காய்ச்சலில் கிடப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. பல் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அழுத்துவதால் அந்தச் சீழ் ஒரு சொட்டும் வடியாது.

எங்கள் தெரு அக்குபஞ்சர்காரர் அன்று ஊசியை எடுத்துப் பஞ்சால் அழுத்திக்கொண்டே அத்தையிடம் சொன்னார்: "ராத்திரி தூங்கிடுவீங்கம்மா. நாளைக்குக் கட்டாயம் பல்லக் காட்டிருங்க, உள்ள சொத்தையா இருக்கு." அத்தை நடுராத்திரி தாண்டியும் தூங்கினார். மூன்று மணிக்கு மறுபடி தெறித்தது. காலையில் பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வேர்வரை போய்விட்டது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். மரப்பு ஊசி ஈறில் இறங்கும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். மடியில் கிடந்த அத்தையின் இடது கை மெல்ல நகர்ந்து, வலது கையின் கட்டைவிரல் கவையைத் தேடிப் பிடித்து அழுத்திக்கொண்டது. பல் வெளியே வரும்வரை விடவில்லை.